எந்த முறையில் சோதிப்பது என்பதையும் எழுதிக் கொடுங்கள்: கொங்கு வட்டாரத் தொழில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் வட்டாரத்தில் ஃபவுண்டரி, பம்ப், வால்வு, லேத் பட்டறை நடத்துகிறவர்களின் சங்கங்களுக்கும், உறுப்பினர் கம்பெனிகளில் பர்ச்சேஸும் தரக்கட்டுப்பாடும் பார்க்கிறவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். கோவையில் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

எங்களிடம் வருகிற எஃகுத் துண்டோடு ஒரு சீட்டும் வரும். பெரும்பாலும் அதில் "கெமிக்கல் டெஸ்ட்" என்று மட்டும் இருக்கும், இல்லாவிட்டால் "ஸ்பெக்ட்ரோ" என்று இருக்கும். கிரேடு பெயரைச் சில சமயம் போன் பண்ணித்தான் கேட்க வேண்டும். எந்த முறையில் சோதிக்க வேண்டும், எந்தத் தனிமத்தின் மேல் சந்தேகம், ரிப்போர்ட் வந்ததும் அதை வைத்து என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்ற விவரம் அநேகமாக இருக்காது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். எஃகு வாங்கும் பி.ஓ.விலும் (பர்ச்சேஸ் ஆர்டரிலும்) சோதனைக்கு அனுப்பும் சீட்டிலும் சோதனை முறையின் தரநிலை எண்ணை எழுதும் வழக்கத்தை உங்கள் சங்கங்கள் கொண்டுவர வேண்டும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன் என்பதை நம்ம ஊர்ச் சரக்கை வைத்தே சொல்கிறேன்.

சப்மெர்சிபிள் பம்ப் செய்கிறவர்களுக்கு எஸ்.எஸ். 410 ராடைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல பம்புகளின் ஷாஃப்ட் அதில்தான் கடையப்படுகிறது. அந்த எஃகில் குரோமியம் 11.5 முதல் 13.5 சதவீதமும், கார்பன் 0.08 முதல் 0.15 சதவீதமும் இருக்க வேண்டும். சரி, இதை எந்த முறையில் சோதிப்பது? நாம் ஸ்பெக்ட்ரோ என்று சொல்கிற தீப்பொறி நிறமாலை முறைக்கு, ஏ.எஸ்.டி.எம். என்ற அமைப்பு வெளியிடும் தரநிலைகளில் இரண்டு எண்கள் அதிகம் புழங்குகின்றன. இ415 சாதாரண கார்பன் எஃகுக்கும் குறைந்த கலப்பு எஃகுக்கும் உரியது. அந்த முறை குரோமியத்தை அளக்கும் எல்லை 8 சதவீதத்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. இ1086 என்பது 304, 316 போன்ற ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு எழுதப்பட்டது. அதில் குரோமியத்தின் எல்லை 17 சதவீதத்தில்தான் தொடங்குகிறது, நிக்கலும் 7.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு சதவீதம் குரோமியம் உள்ள, நிக்கல் பெரிதாக இல்லாத நம்ம 410 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. இருந்தும் 410 ராடுக்கு இ415 என்றோ இ1086 என்றோ போட்ட ரிப்போர்ட்டுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவற்றை வாங்கி ஃபைலில் போடுகிறவர்கள் யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மெஷினில் குரோமியம் எஃகுக்கான கேலிபிரேஷன் இருந்து, சி.ஆர்.எம். எனப்படும் சான்றளிக்கப்பட்ட 410 ஸ்டாண்டர்டு துண்டை வைத்துச் சரிபார்த்திருந்தால் எண் சரியாகவே இருக்கும். ஆனால் அப்படிச் செய்த கூடம், "இது எங்கள் சொந்த முறை, இப்படிச் சரிபார்த்தோம்" என்று சொல்ல வேண்டும். ஆய்வுக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு தரநிலை முறையை அதன் எல்லைக்கு வெளியே பயன்படுத்தினால், அது அங்கேயும் சரியாக வேலை செய்கிறது என்று கூடமே நிரூபித்து வைத்திருக்க வேண்டும் என்கிறது. நீங்கள் முறை எதையும் சொல்லாவிட்டால் பொருத்தமான முறையைக் கூடம் தேர்ந்தெடுத்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் கேட்கும் முறை பொருந்தாவிட்டால் அதையும் சொல்ல வேண்டும் என்பதும் அதே தரநிலையில் இருக்கிறது. ஆக, கேட்கும் உரிமை உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. யாரும் பயன்படுத்தாததால் கூடங்களும் சும்மா இருந்துவிடுகின்றன.

ஆட்டோமேட் லேத்தில் ஓட்டுகிற இ.என்.1ஏ ராடும் இதே கதைதான். கடையும்போது வரும் பிசிர் சுருள் சுருளாக வராமல் உடைந்து விழ வேண்டும் என்பதற்காக அதில் சல்ஃபரை வேண்டுமென்றே 0.20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கிறார்கள். இ415-இல் சல்ஃபரின் எல்லையோ 0.055 சதவீதம். அந்த ராடில் சல்ஃபர்தான் விஷயமே, அதையே அந்த முறை அளக்காது. எஃகை எரித்து வரும் வாயுவை அளக்கிற எரிப்பு முறையில் அளந்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். 304 என்று சொல்லி விற்கப்படுகிற 200 வரிசைச் சரக்கில் மாங்கனீஸ் ஏறிக் கிடக்கும், 202-இல் 7.5 சதவீதத்துக்கு மேல். இ1086-இன் மாங்கனீஸ் எல்லை 2 சதவீதத்தோடு நிற்கிறது.

ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் சின்னம் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த அங்கீகாரம் கூடத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் பொருளில், எந்தத் தனிமத்தை, எந்த முறையில் என்று ஸ்கோப் பட்டியலில் வரி வரியாக இருக்கும். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் வாங்கும் எஃகு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், கையில் பிடித்துச் சுடுகிற அந்தக் கன். எக்ஸ் கதிரைப் பாய்ச்சித் தனிமங்களைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கன் வந்த பிறகு ஸ்கிராப் யார்டிலும் ராடு கடையிலும் வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதை நான் மறுக்க மாட்டேன். 304-ஆ, 200 வரிசையா என்று காந்தத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கன் நிக்கலையும் மாங்கனீஸையும் பார்த்துச் சில நொடியில் சொல்லிவிடும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடும். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ராடையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எக்ஸ்ஆர்எஃப் கன்னுக்குக் கார்பன் தெரியாது. எஃகை எஃகாக்குவதே கார்பன். இ.என்.8-இல் அது 0.36 முதல் 0.44 சதவீதம், இ.என்.9-இல் 0.50 முதல் 0.60 சதவீதம். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்), இ.என்.8, இ.என்.9 மூன்றையும் கன் முன்னால் வைத்தால் இரும்பு, கொஞ்சம் மாங்கனீஸ் என்றுதான் காட்டும். கிரைண்டரில் பிடித்துத் தீப்பொறி எப்படிச் சிதறுகிறது என்று பார்த்தே எம்.எஸ்.ஸையும் இ.என்.8-ஐயும் பிரித்துச் சொல்கிற மேஸ்திரிகள் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பல லட்ச ரூபாய்க் கன்னுக்குத் தெரியாது. லேசர் வகைக் கன் ஒன்று இருக்கிறது, அது கார்பனைப் பார்க்கும். அதையும் நன்றாகத் தேய்த்த சுத்தமான இடத்தில்தான் வைக்க வேண்டும். ரிப்போர்ட்டில் "கன் டெஸ்ட்" என்று மட்டும் இருந்தால் எந்தக் கன் என்று கேளுங்கள். 316எல் என்று எக்ஸ்ஆர்எஃப் ரிப்போர்ட் கொடுத்தால் அதை 316எல்-க்கான சான்றாக ஏற்காதீர்கள், ஏனென்றால் அந்த "எல்" முழுக்க முழுக்கக் கார்பனைப் பற்றியது.

316-இல் கார்பன் 0.08 சதவீதம் வரை போகலாம், 316எல்-இல் 0.030-ஐத் தாண்டக் கூடாது. வெல்டிங் பிடிக்கிற இடத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும். வெல்டை ஒட்டிய பகுதி சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் நின்றால், கார்பன் பக்கத்திலிருக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகளின் ஓரத்தில் கார்பைடாகப் படிந்துவிடும். குரோமியம் இழந்த அந்த ஓரத்தில் துரு பிடிக்கும். பால் டேங்க், சாயப்பட்டறைப் பாத்திரம், கெமிக்கல் பம்ப் கேசிங் எல்லாம் இப்படித்தான் வெல்டை ஒட்டியே ஓட்டையாகின்றன. கார்பன் 0.028 என்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம், 0.032 என்று வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவு நெருக்கமான இடத்தில் முடிவெடுக்கும்போது ஸ்பெக்ட்ரோவோடு நிறுத்தாமல் எரிப்பு முறையில், அதாவது இ1019-இன்படி, கார்பனும் சல்ஃபரும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் அளவுக்கு எஃகை எடை போட்டு, பீங்கான் குகையில் (உருக்கும் சிறு கிண்ணத்தில்) வைத்து, டங்ஸ்டன் சேர்த்து ஆக்சிஜனில் எரித்து, வருகிற கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்பில் அளக்கிற முறை அது. குகையையே முன்கூட்டிச் சூளையில் சுட்டு அதில் ஒட்டியிருக்கும் கார்பனை விரட்ட வேண்டும், துண்டை வெறும் விரலால் தொடக் கூடாது. இந்த அளவில் விரல் பிசுக்கும் கணக்கில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் அளவின் நிச்சயமின்மை எவ்வளவு என்பதையும் கேட்டு வாங்குங்கள். கூட்டல் கழித்தல் 0.004 என்று எழுதியிருந்தால் 0.028-ஐயும் 0.032-ஐயும் வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, இன்னொரு துண்டை எடுத்துத் திரும்பப் பார்ப்பதே சரி.

டூப்ளெக்ஸ் எஃகில் வால்வு வார்க்கிற இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் யூனிட்டுகளுக்கு ஒரு வார்த்தை. 2205 என்ற டூப்ளெக்ஸ் கிரேடில் நைட்ரஜன் 0.14 முதல் 0.20 சதவீதம் வேண்டும். உங்கள் ஸ்பெக்ட்ரோவில் நைட்ரஜன் சானல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மந்த வாயுவில் உருக்கி அளக்கும் முறைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

ஸ்பெக்ட்ரோவை நான் குறைத்துப் பேசவில்லை. உலையில் ஹீட் கொதித்துக்கொண்டிருக்கும்போது சில நிமிடத்தில் இருபது தனிமத்தைச் சொல்லும் கருவி வேறு கிடையாது. அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்பதுதான் என் கவலை. கார்பனின் கோடு 193 நானோமீட்டரிலும், சல்ஃபரின் கோடு 180-ஐ ஒட்டியும், பாஸ்பரஸின் கோடு 178-ஐ ஒட்டியும் இருக்கின்றன. அந்த ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிவிடும், அதனால்தான் ஆர்கான். மலிவாகக் கிடைக்கிறது என்று வெல்டிங் ஆர்கான் சிலிண்டரை மாட்டினால் முதலில் கெடுவது இந்த மூன்றும்தான். கூடத்துக்கு நேரில் போகிறவர்கள் தீப்பொறியால் சுட்ட துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல சூட்டில் புள்ளியைச் சுற்றிக் கருவளையம் தெளிவாக இருக்கும். வளையமே இல்லாமல் வெளுத்துப் போயிருந்தால் அந்தச் சூட்டின் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. துண்டைத் தேய்க்கிற பெல்ட்டும் முக்கியம். சிலிக்கான் கார்பைடு பெல்ட்டில் தேய்த்தால் சிலிக்கானும் கார்பனும் எஃகில் ஒட்டிக்கொள்ளும். அலுமினா பெல்ட்டில் அலுமினியம் ஒட்டும், ஆகவே அலுமினியம் எவ்வளவு என்று பார்க்கிற எஃகுக்கு அந்தப் பெல்ட் ஆகாது.

மாதிரி எடுப்பதில் நடக்கிற கோளாறைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. உருட்டி வந்த ராடின் மேல்தோலில் கார்பன் எரிந்து குறைந்திருக்கும். ஃபோர்ஜிங்கிலும் அப்படித்தான். கார்பரைசிங் செய்த கியரில் நேர்மாறாக மேலே கார்பன் ஏறியிருக்கும். தோலை நன்றாக எடுக்காமல் சுட்டால் தோலின் கார்பன்தான் ரிப்போர்ட்டில் வரும். பெரிய ராடில் நடுமையத்திலும் ஓரத்திலும் ஒரே அளவு இருக்காது, அதனால் ஆரத்தின் பாதி தூரத்தில் எடுக்கச் சொல்லி எழுதுங்கள். எரிப்பு முறைக்குப் பிசிர் அனுப்புகிறவர்கள் கூலன்ட் ஆயில் இல்லாமல், மெதுவாக, நீலம் பாயாமல் துளைத்து எடுங்கள். ஆயில் பட்ட பிசிரில் வருகிற கார்பன் ஆயிலின் கார்பன். சிறு ஸ்பிரிங், கம்பி, மெல்லிய தகடு எல்லாம் ஸ்பெக்ட்ரோவின் துளையை மூடாது, மூடினாலும் சூடேறிப் பொத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கார்பனும் சல்ஃபரும் எரிப்பு முறையிலும், மற்றதை அமிலத்தில் கரைத்தும் பார்க்கும்படி கேளுங்கள்.

எஃகைப் பற்றிய மடல்தான், ஆனாலும் பம்ப் ஊரில் இருந்துகொண்டு வார்ப்பிரும்பைச் சொல்லாமல் போக மனமில்லை. உடைந்த கிரே அயர்ன் கேசிங்கின் துண்டை அப்படியே ஸ்பெக்ட்ரோவுக்கு அனுப்பாதீர்கள். அதில் கார்பன் கிராஃபைட் இதழ்களாகத் தனியே நிற்கிறது, தீப்பொறி அதைச் சரியாக ஆவியாக்காது. செம்பு அச்சில் ஊற்றி வெள்ளை இரும்பாக உறைய வைத்த சில் துண்டுதான் ஸ்பெக்ட்ரோவுக்கு வேண்டும். சில் துண்டு இல்லையென்றால் எரிப்பு முறை. அதற்கும் துளைத்த பொடியை அனுப்பினால் கிராஃபைட் தூசியாகப் பறந்து கார்பன் குறைந்து காட்டும், சிறு துண்டாக வெட்டித்தான் அனுப்ப வேண்டும்.

பழைய ஈர வேதியியலை இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. ஐ.எஸ். 228 என்ற நம் நாட்டுத் தரநிலை பகுதி பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி கார்பன், மூன்றாவது பாஸ்பரஸ், ஐந்தாவது நிக்கல், ஆறாவது குரோமியம், எட்டாவது சிலிக்கான் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் அமிலம், வடிதாள், பியூரெட், பொறுமை எல்லாம் வேண்டும். தினசரிச் சோதனைக்கு இது ஆகாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஸ்பெக்ட்ரோக்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது, வேறொரு வழியில் போய் அதே தனிமத்தை அளக்கிற முறை ஒன்று வேண்டும். ஸ்பெக்ட்ரோ மேல் வந்த சந்தேகத்தை இன்னொரு ஸ்பெக்ட்ரோ தீர்க்காது, இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பலவீனங்கள் இருக்கும். ஈர முறை தெரிந்த கெமிஸ்டுகள் நம் வட்டாரத்தில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களை வேலையில் வைத்திருக்கும் கூடங்களுக்கு நீங்கள் வேலை கொடுத்தால்தான் அந்தக் கை நிலைக்கும். இதை எங்கள் கூடத்துக்காகக் கேட்கவில்லை, எந்தக் கூடமாக இருந்தாலும் சரி.

இதில் அடிபடுவது யார் என்று சொல்கிறேன். குறிச்சியிலோ சின்னவேடம்பட்டியிலோ இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர், ராடு கடையில் கொடுத்த டி.சி.யை (டெஸ்ட் சர்டிபிகேட்டை) நம்பி ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். ஆர்டர் கொடுத்த பார்ட்டி தன் பக்கம் ஒரு கூடத்தில் பார்த்துவிட்டு, கார்பன் 0.02 கூட இருக்கிறது என்று லாட் முழுவதையும் ரிஜெக்ட் செய்கிறது. டி.சி.யில் இருப்பது உருக்கும்போது லேடிலில் எடுத்த அளவு. பார்ட்டி பார்த்தது முடிந்த பொருளில் எடுத்த அளவு. இரண்டுக்கும் நடுவே சிறு வித்தியாசம் இருக்கும் என்று தரநிலைகளே ஒப்புக்கொண்டு விலக்கம் கொடுத்திருக்கின்றன. டி.எம்.டி. கம்பிக்கான ஐ.எஸ். 1786-இல் கார்பனுக்கு 0.02 சதவீதம் அப்படி உண்டு. எந்த முறை, எந்த இடத்தில் எடுத்த மாதிரி, எந்த விலக்கம் என்று பி.ஓ.வில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த ஷாஃப்ட்டுகள் ஸ்கிராப்புக்குப் போயிருக்காது. வரி இல்லாததால் யார் பெரியவரோ அவர் ரிப்போர்ட் ஜெயிக்கிறது. சிறிய பட்டறைக்காரர் மெட்டீரியல் பணத்தையும் கூலியையும் இழந்துவிட்டு, அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார். இப்படி எங்கள் கவுண்டரில் வந்து நின்றவர்களைப் பார்த்ததால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

சங்கங்கள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. உறுப்பினர்கள் எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி ஒரு பி.ஓ. வாசகத்தைத் தயார் செய்து கொடுங்கள். 410 ஷாஃப்ட்டுக்கு இப்படி இருக்கலாம்: "கார்பன், சல்ஃபர் எரிப்பு முறையில், இ1019. மற்ற தனிமங்கள் 410 சி.ஆர்.எம். வைத்துச் சரிபார்த்த ஸ்பெக்ட்ரோ முறையில், சரிபார்த்த விவரம் ரிப்போர்ட்டில் வேண்டும். மாதிரி ராடின் பாதி ஆரத்தில். கருத்து வேறுபாடு வந்தால் குரோமியம் ஐ.எஸ். 228-இன்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கூடத்தில்." இ.என்.8, 304, 316எல், சி.எஃப்.8எம் என்று நம் வட்டாரத்தில் அதிகம் புழங்கும் கிரேடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகம் போதும். திருச்செங்கோட்டு ரிக் கம்பெனிகளுக்கு இ.என்.24-ஐயும் கரூர் பஸ் பாடி யூனிட்டுகளுக்குத் தகட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சங்கமே ஒரு நல்ல ராடை வாங்கி, ஒரே இடத்திலிருந்து துண்டு போட்டு, பெயர் சொல்லாமல் நம் வட்டாரக் கூடங்களுக்கு அனுப்பிப் பாருங்கள், எங்கள் கூடத்தையும் சேர்த்து. கூடத்துக்குக் கூடம் எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டும். எரிப்பு முறைச் சோதனைக்கான கூடுதல் கட்டணத்தைச் சிறு பட்டறைக்காரர் தலையில் கட்டாமல், மெட்டீரியலைக் குறிப்பிட்டு ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி ஏற்க வேண்டும் என்பதையும் அந்த வாசகத்திலேயே சேர்த்துவிடுங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசகம் எழுதுவதற்கு எங்களைப் போன்ற கெமிஸ்டுகள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
கோவையில் உலோகச் சோதனைக்கூடம் ஒன்றில் பணிபுரியும் ஒரு வேதியியலாளர்